பதினோராவது முளை

புதன்கிழமைகளில் என் மகள் என்னை வாசலைத் தாண்ட விடமாட்டாள். "அப்பா, வாசன வஸ்தோந்தி!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். நாங்கள் தமிழில் எதைக் கேட்டாலும் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளை. நேராகக் குளியலறைக்குப் போய், சட்டையை வாளியில் முக்கி, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் என் மனைவி அன்றைக்குத் தலையணை உறையை மாற்றாமல் விடமாட்டாள். அந்த வாடை தலைமுடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் வியாழக்கிழமை மத்தியானம் வரை எழுந்திருக்காது.

என் வேலை அப்படி. ஹைதராபாத்தின் ஒரு பகுதிக் குப்பையெல்லாம் போய்ச் சேரும் மேடு ஒன்றை ஒப்பந்தக்காரர் ஒருவர் நடத்திவந்தார். அவர் விதிப்படி நடத்துகிறாரா என்று வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடும் ஆலோசனை நிறுவனத்தில் நான் இன்ஸ்பெக்டர். லாரிகளை எடை போட்டுத்தான் உள்ளே விடுகிறார்களா, குப்பையிலிருந்து கசியும் கறுப்புத் தண்ணீர் குட்டைக்குள் நிற்கிறதா, வேலி அறுந்திருக்கிறதா, வேலைக்காரர்கள் பூட்ஸ் போட்டிருக்கிறார்களா என்று நாலு பக்கக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'திருப்தி', 'திருப்தி இல்லை' என்று இரண்டு கட்டங்கள். நடுவில் இன்னொரு கட்டம் இருந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் அதிலேயே போட்டிருப்போம்.

அந்த நாலு பக்கத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்டது மண் கேள்வி. அன்றன்றைக்குக் கொட்டிய குப்பையை அன்று சாயங்காலமே ஆறு அங்குல மண் போட்டு மூடிவிட வேண்டும் என்பது விதி. ஈ மொய்க்காமல், நாய் கிளறாமல் இருக்க என்று சொல்வார்கள். அதைவிடப் பெரிய காரணம் நெருப்பு. போவன்பள்ளி காய்கறிச் சந்தையிலிருந்து வரும் கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் ஒன்றின்மேல் ஒன்று அமுங்கிக் கிடந்தால் தானாகவே சூடேறும். மண் மூடாத இடத்தில் காற்று உள்ளே போனால், காய்ந்த குப்பை பற்றிக்கொண்டு, தீ என்று வெளியே தெரியாமல் அடியிலேயே மாதக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் சாதாரணக் குப்பைதான். கால் வைத்தால்தான் தெரியும்.

அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்ணைக் குத்திப் பார்க்க ஒரு கம்பி வேண்டும் என்று நான் சொன்னதும், "கடையில வாங்குறது நக்கோ, நான் பண்ணித் தரேன்" என்று, வேண்டாம் என்பதை ஹைதராபாத் வழக்கில் சொல்லிவிட்டு, ஒரு கம்பியின் நுனியைக் கூராக்கி, மேலே பிடி வளைத்து, நுனியிலிருந்து ஆறு அங்குலத்தில் சிவப்புப் பெயின்ட்டால் வளையம் போட்டுக் கொடுத்தார். மண்ணில் அந்தக் கம்பி அழுத்தினால்தான் இறங்கும். மண் முடிந்து குப்பை ஆரம்பிக்கும் இடத்தில் சட்டென்று கை இளகும். அப்போது சிவப்பு வளையம் வெளியே தெரிந்தால் மண் குறைவு. தெரியாவிட்டால் திருப்தி.

முதலில் தோன்றிய இடத்தில் எல்லாம் குத்திக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளிலேயே மோசமானது அதுதான். மேட்டின் மேல் இருபது மூங்கில் முளைகளை நட்டு, வெள்ளைப் பெயின்ட்டில் எண் போட்டேன். வாராவாரம் அதே இருபது இடங்களில் அளந்தால்தானே ஒப்பிட முடியும்? மேடு உயர உயர முளையைப் பிடுங்கி அதே இடத்தில் மேலே நடுவது அங்கிருந்த சூப்பர்வைசரின் பொறுப்பு. ஒவ்வொரு முளைக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு புள்ளி என்று கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டேன். என் மேலதிகாரி அதைப் பெரிய திரையில் போட்டு எல்லோருக்கும் காட்டினார். நான் கொஞ்ச நாள் தரையில் நடக்கவில்லை.

மண்ணுக்கு அப்போது பஞ்சமே இல்லை. மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று மாடி ஆழத்துக்குக் கார் நிறுத்தும் இடம் தோண்டுவார்கள். தோண்டிய சிவப்புச் சரளை மண்ணை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் லாரி லாரியாக இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். என் மனைவி வேலை பார்த்த கட்டடத்தின் அடியிலிருந்து வந்த மண்ணும் அந்த மேட்டில் எங்கேயோ இருக்கிறது. "நீ உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அடியில இருந்த மண்ணுதான் நான் குத்துறது" என்று ஒருநாள் சொன்னேன். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

மேட்டில் குப்பை பொறுக்கும் பெண்கள் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். படிவத்தின்படி அவர்கள் அங்கே இருக்கவே கூடாது. 'அனுமதியில்லாத நபர்கள்' என்று அவர்களுக்கென்றே ஒரு கேள்வி உண்டு. நான் போகும்போது அவர்கள் மேட்டின் சரிவில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார்கள். நான் திருப்தி என்று டிக் போடுவேன். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

அவர்களில் ஒருத்தி தமிழ் பேசுவாள். நான் செல்போனில் வீட்டுக்குப் பேசியதைக் கேட்டுவிட்டு, "நீங்க நம்ம ஊரா சார்?" என்று தானாக வந்து நின்றாள். செஞ்சிப் பக்கம். மாதாப்பூரில் கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்தவள். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபின் இங்கே வந்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். காலில் ஆண்கள் போடும் ஷூ, வலதுக்கு ஒன்று இடதுக்கு வேறொன்று. இரண்டும் குப்பையில் எடுத்தவை. எனக்கு எதிரே நின்று பேசும்போது அவள் மூக்கை மூடுவதில்லை, நானும் மூடக்கூடாது என்று வைராக்கியமாக நிற்பேன். மேட்டில் எங்கே சூடு என்று அவளுக்குக் காலால் தெரியும். "அந்தப் பக்கம் மிதிக்காதீங்க சார். உள்ள வேகுது" என்று இரண்டு முறை என்னைத் தடுத்திருக்கிறாள்.

பிறகு அமெரிக்காவில் ஏதோ பாங்க் கவிழ்ந்தது என்றார்கள், மாதாப்பூரில் எல்லாம் நின்றது. என் மனைவியை அவள் கம்பெனியில் வேலை எதுவும் கொடுக்காமல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எந்த மாதம் அனுப்பிவிடுவார்களோ என்று தினமும் காலையில் பயந்துகொண்டே பஸ் ஏறுவாள். தோண்டிய பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்று பாசி பிடித்தது. பள்ளம் தோண்டாவிட்டால் மண் ஏது? மேட்டுக்கு வரும் சிவப்பு லாரிகள் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போயின.

இதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். எடை மேடையின் பதிவேட்டில் மண் லாரி ஒன்றுகூட இல்லை என்று என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் இருபது முளைகளிலும் என் கம்பி ஆறு அங்குலம் காட்டியது. வரைபடத்தில் கோடுகள் ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தன. பழைய மண்ணைச் சேர்த்து வைத்திருப்பார்கள் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் கேட்காமலே இருப்பது ஒரு தனித் திறமை. எனக்கு அது நன்றாகவே கைவந்திருந்தது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மாலையும் நான் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, காலையில் பத்து மணிக்கு வருகிறேன், ஜீப் தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிடுவது வழக்கம். சோதனைக்குப் போகிறவன் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகலாமா என்று எனக்கும் தோன்றவில்லை, என்னை அனுப்பியவர்களுக்கும் தோன்றவில்லை. அது மரியாதை என்று நினைத்திருந்தோம். ஒரு கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை, மகளைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு விடியற்காலையிலேயே கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அப்படியே கிளம்பிப் போனதால் எட்டு மணிக்கு முன்னாலேயே மேட்டில் நின்றேன்.

ஐந்தாறு பெண்கள் தலையில் இரும்புச் சட்டியில் மண் சுமந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். கறுப்புத் தண்ணீர்க் குட்டையின் பழைய கரையைச் சுரண்டி எடுத்த மண். ஒவ்வொருத்தியும் ஒரு முளைக்கு அருகில் போய்க் கொட்டினாள். முளையைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் மண். அதைத் தாண்டி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மூடாத குப்பை. நான் வருவதற்கு முன்னால் புல்டோசர் மேலோட்டமாக அதை இழுத்துவிட்டுப் போனால் எல்லாம் ஒரே புழுதி நிறமாகத் தெரியும். இத்தனை வாரமும் எனக்கு அப்படித்தான் தெரிந்திருந்தது.

செஞ்சிக்காரி ஏழாவது முளைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மண்ணைக் கையால் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு கம்பியை எடுத்தாள். கட்டட வேலைக் கம்பியின் ஒரு துண்டு. அதில் ஆறு அங்குலத்தில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. நான் குத்துவதைப் போலவே மெதுவாக அழுத்தி, கை இளகும் இடத்தில் நிறுத்தி, துணியைக் குனிந்து பார்த்தாள். போதவில்லை போலிருக்கிறது, இன்னும் இரண்டு கை மண் போட்டாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்ததும் பதறவெல்லாம் இல்லை. சிரித்தாள்.

"இன்னா சார், இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க? இன்னும் நாலு முளை பாக்கி இருக்குதே. டீ குடிச்சிட்டு வாங்க, முடிச்சிடறோம்."

என்ன செய்கிறீர்கள் என்று கத்தினேன். கத்தியதில் மற்றப் பெண்கள் சட்டியோடு நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் புரியாமல் பார்த்தாள்.

"ஒங்களுக்குத்தான் சார். முளைக்கு மண்ணு போட்டாதான எங்கள மேல ஏற விடுவாரு சூப்பர்வைசரு. ஒங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிருந்தேன்." பிறகு, என் முகம் மாறுவதைப் பார்த்து, வேலையில்தான் குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "நான்தான் சார் எல்லாத்தையும் அளந்து பாக்குறேன். ஒங்க கம்பிக்கு ஒரு தபாவாவது கொறஞ்சிருக்குதா, சொல்லுங்க?"

குறையவில்லை. ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை. அந்த மேட்டில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவள்தான். எனக்கு வந்த ஆத்திரம் அவள் மேல் இல்லை என்று எனக்கே தெரியும், இருந்தாலும் அவளிடம்தான் கத்திக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் எழுதப் போகிறேன், இன்றைக்கே எழுதப் போகிறேன் என்றேன்.

அப்போதுதான் அவள் முகம் செத்தது. "எழுதாதீங்க சார். நீங்க எழுதினா அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது. மொதல்ல எங்களத்தான் வெரட்டுவாங்க. கேட்டை மூடிட்டா நாங்க எங்க போறது? பில்டிங் வேலையும் இல்ல இப்ப."

சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் யாராவது தும்மினால்கூட அவர் மன்னிப்புக் கேட்பார். "டென்ஷன் நக்கோ சாப்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாதாப்பூரில் ஒரு கட்டடத்துக்குத் தோண்டப் போகிறார்கள், இரண்டே வாரத்தில் மண் வந்துவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உருதும் தெலுங்குமாகக் கெஞ்சினார். வடக்குச் சரிவில் புகை வருகிற இடங்களையாவது உடனே மூடுங்கள் என்று நான் சொன்னேன். மூடுகிறேன் என்றார்.

அன்று படிவத்தில் மண் கேள்விக்கு எதிரே திருப்தி என்றுதான் டிக் போட்டேன். அவளுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மனைவி பெஞ்சில் இருந்தாள், என் வேலையும் போனால் என்ன ஆவது என்பது கால் பங்கு. மீதி, அந்த வரைபடம். இத்தனை மாதமாக இருபது பாய் அகல மண்ணை அளந்துகொண்டிருந்தேன் என்று என் மேலதிகாரியிடம் எந்த வாயால் சொல்வது? முளைகளுக்கு மண் கொட்டுவதை நிறுத்துங்கள் என்று சூப்பர்வைசரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிறுத்தினால் என் கம்பி உண்மையைச் சொல்லிவிடும். அப்புறம் நான் எழுதித்தான் ஆக வேண்டும். ஆக, அன்று முதல் எனக்குத் தெரிந்தே அவர்கள் எனக்காக மண் சுமந்தார்கள்.

இரண்டு வாரம் கழிந்தது. மண் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நான் போன் செய்வதையும் நிறுத்தவில்லை.

மூன்றாவது புதன்கிழமை நல்ல மார்கழிக் குளிர். பத்து மணிக்குப் போனேன். செஞ்சிக்காரியைக் காணோம். சரிவில் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கே என்று கேட்டேன், ஊருக்குப் போய்விட்டாள் என்றார் சூப்பர்வைசர். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அவள் முகத்தைப் பார்க்காமல் வேலையை முடித்துவிடலாம் அல்லவா? முளை முளையாகக் குத்திக்கொண்டே போனேன். ஆறு, ஆறரை, ஆறு. பதினோராவது முளைக்குப் பக்கத்தில் குத்தியபோது சிவப்பு வளையம் உள்ளே போய், அதற்கு மேலும் ஒரு சாண் போயும் கை இளகவே இல்லை. இங்கே மட்டும் ஏன் இவ்வளவு மண் என்று ஒரு கணம் யோசித்தேன். கம்பியை உருவி, நுனியில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்தேன். நுனி சுட்டது. தோல் பொசுங்குகிற சூடு இல்லை. அந்தக் குளிரில் விறைத்துப் போயிருந்த விரலுக்கு இதமாகத்தான் இருந்தது, நானும் இரண்டு நொடி அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படிவத்தில் சூட்டுக்குக் கட்டம் கிடையாது. பதினோராவது முளைக்கு நேரே பதினைந்து அங்குலம் என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டாவதுக்குப் போனேன்.

ஜீப்பில் திரும்பும்போது கேட்டைத் தாண்டியதும் ஒரு வயதான பொறுக்கும் பெண் வண்டியை மறித்தாள். தெலுங்கில் அவள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். காலை ஏழு மணிக்குச் செஞ்சிக்காரி பதினோராவது முளைக்கு மண் போட்டு, அளந்து பார்த்துவிட்டு எழுந்து, ஒரு காலைப் பின்னால் வைத்திருக்கிறாள். மண்ணோடு சேர்ந்து அந்த இடம் உள்வாங்கிவிட்டது. வலது கால் முழங்கால் வரை நெருப்புக்குள். ஷூ உருகி ஒட்டிக்கொண்டதால் இழுத்து எடுக்க நேரமாகிவிட்டது. ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, சார் வருவதற்குள் அந்தக் குழியை மண்ணால் நிரப்பி முளையை நட்டுவிட்டார்கள்.

எங்கே சூடு என்று காலால் அறிந்தவள் எப்படி மிதித்தாள்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. மற்ற இடங்களில் புகை தெரியும், சூடு உறைக்கும். முளைக்குப் பக்கத்தில் மட்டும் அவளே வாராவாரம் போட்ட மண் புகையையும் சூட்டையும் மறைத்திருந்தது. சுற்றி மூடாமல் கிடந்த குப்பை வழியாக நெருப்பு அடியில் அங்கே வந்து சேர்ந்திருந்தது.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலும் இல்லாமல் வராந்தாவில் பாய் விரித்துப் போட்டிருந்தார்கள். காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டும், சாயங்காலம் ஆபரேஷன் என்று நர்ஸ் சொன்னாள். என்மேல் குப்பைமேட்டு வாடை அடித்ததால் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மருந்து மயக்கத்தில் கண்ணைப் பாதி திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"புதன்கெழமதான இன்னிக்கு" என்றாள். "போயிட்டு வந்துட்டீங்களா சார்?"

"வந்துட்டேம்மா."

"பதினொண்ணுல கொறையலையே? நான் அளந்துட்டுத்தான் எழுந்தேன்."

"குறையலம்மா" என்றேன். அது உண்மைதான்.

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதினேன், முளைகளைப் பற்றி, என் செவ்வாய்க்கிழமைப் போன்களைப் பற்றி, நான் போட்ட டிக்குகளைப் பற்றி. அவள் சொன்னபடியேதான் நடந்தது. ஒப்பந்தக்காரருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. ஒரே வாரத்தில் வேலியைச் சரிசெய்து, கேட்டில் காவலாள் போட்டுப் பொறுக்கும் பெண்களை எல்லாம் விரட்டிவிட்டார்கள். எங்கிருந்தோ மண்ணும் வந்தது. ஒற்றைக் காலோடு அவள் எங்கே போனாள் என்று விசாரித்தேன். ஊருக்குத்தான் போயிருக்க வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை அது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் அறிக்கையோடு அந்த வரைபடத்தையும் கோப்பில் இணைத்திருந்தார்கள். வேலையை விட்டுக் கிளம்பும் நாளில் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்தேன். இருபது கோடுகளில் பத்தொன்பது ஆறு அங்குலத்தை ஒட்டி நேராகப் போகின்றன. பதினோராவது முளையின் கோடு மட்டும் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் தாண்டி மேலே ஏறி நிற்கிறது. அதோடு இணைத்திருந்த அந்த வாரப் படிவத்தில், மண் கேள்விக்கு எதிரே 'திருப்தி' என்ற கட்டத்தில் என் டிக் இருக்கிறது.